காற்றே கண்ணாடி

1955 மே 1. இத்தாலியின் பிரெஷியா நகரில் காலை மணி 7.22. சரிவு மேடையிலிருந்து வெள்ளி நிற மெர்சிடிஸ் 300 எஸ்எல்ஆர் பந்தயக் கார் ஒன்று உறுமிக்கொண்டு சாலையில் இறங்குகிறது. அதன் உடம்பில் சிவப்பில் 722 என்று பெரிதாக எழுதியிருக்கிறது. புறப்பட்ட நேரமே வண்டியின் எண். ஓட்டுபவர் 25 வயது ஆங்கிலேயர் ஸ்டிர்லிங் மோஸ். பக்கத்து இருக்கையில் தாடிக்காரர் டெனிஸ் ஜென்கின்சன். 'மோட்டார் ஸ்போர்ட்' இதழின் நிருபர்.

பிரெஷியாவிலிருந்து ரோம் போய்த் திரும்பவும் பிரெஷியா. மொத்தம் சுமார் 1,600 கிலோமீட்டர். ஊர்த் தெருக்கள், மலைப்பாதைகள், பாலங்கள் என்று எல்லாம் வழக்கமான பொதுச் சாலைகள். மில்லே மில்யா என்ற இந்தப் பந்தயத்துக்காக ஜென்கின்சன் வழியிலுள்ள வளைவுகளை எல்லாம் முன்கூட்டியே பார்த்துக் குறித்து, அந்தக் குறிப்புகளை ஏறத்தாழ 5 மீட்டர் நீளக் காகிதச் சுருளில் எழுதி, சிறு பெட்டிக்குள் உருளைகளில் சுற்றி வைத்திருந்தார். சுருளை விரலால் திருகத் திருக அடுத்த வளைவு கண்ணுக்கு வரும். ஆனால் அதை மோஸிடம் வாயால் சொல்ல முடியாது. கூரையில்லாத வண்டி, என்ஜின் இரைச்சல் ஒரு பக்கம், காற்று ஒரு பக்கம். ஆகவே இருவரும் கைச் சைகைகளை வகுத்துக்கொண்டார்கள். பத்து மணி நேரம் சைகையாலேயே பேசினார்கள்.

வழியில் ஜென்கின்சனுக்குக் குமட்டல். தலையைப் பக்கவாட்டில் நீட்டி வாந்தி எடுத்தார். அந்த ஒரு நொடியில் காற்று அவருடைய மூக்குக்கண்ணாடியைப் பறித்துக்கொண்டு போய்விட்டது. நல்லவேளை, மாற்றுக் கண்ணாடி ஒன்று கையில் இருந்தது. 1949இல் பக்கத்தொட்டி மோட்டார் சைக்கிள் உலகப் பட்டத்தை வென்ற ஜோடியில் ஒருவர் அவர். காற்றில் தொங்கிப் பழகிய மனிதர். அவரையே காற்று ஒரு கை பார்த்தது.

10 மணி 7 நிமிடம் 48 நொடியில் அவர்கள் பந்தயத்தை முடித்தார்கள். சராசரி வேகம் மணிக்கு 157 கிலோமீட்டருக்கு மேல். மில்லே மில்யாவில் அந்தச் சாதனையை அதன்பின் யாரும் முறியடிக்கவில்லை.

சுமார் அரை நூற்றாண்டுக்குப் பிறகு, அத்தகைய பழைய திறந்த கார்களை நினைவில் வைத்து, கூரையும் முன்கண்ணாடியும் இல்லாத சிறப்புப் பதிப்பு ஸ்போர்ட்ஸ் கார்களை ஒவ்வொரு நிறுவனமாக உருவாக்கத் தொடங்கின. விலை கோடிகளில், எண்ணிக்கை சில பத்துகளில் அல்லது சில நூறுகளில். 'கூரையை எடுத்துவிட்டு அதிக விலை வாங்குகிறார்கள்' என்று கேலி செய்வது சுலபம். ஆனால் கூரையை எடுத்த இடத்தில் பொறியாளர்கள் என்னென்ன சேர்க்க வேண்டியிருந்தது என்று பார்த்தால், காரின் கூரையும் முன்கண்ணாடியும் சத்தமில்லாமல் எத்தனை வேலைகளைச் செய்துவந்தன என்பது தெரியும்.

முகத்தில் எத்தனை கிலோ?

முதலில் ஒரு சின்னக் கணக்கு. வேகமாக ஓடும் வண்டியில் எதிர்க்காற்று முகத்தில் தரும் அழுத்தம், காற்றின் அடர்த்தியில் பாதியை வேகத்தின் இருமடியால் பெருக்கினால் வரும். காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு சுமார் 1.2 கிலோ. மனித முகத்தின் பரப்பை 20 சென்டிமீட்டருக்கு 15 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

மணிக்கு 50 கிலோமீட்டரில் முகத்தின் மீது விழும் பாரம் சுமார் 350 கிராம். ஒரு கைப்பிடிப் பஞ்சு தள்ளுவது போல, சுகம். 100 கிலோமீட்டரில் அது சுமார் 1.4 கிலோ. 200இல் 5.6 கிலோ. 350 கிலோமீட்டரில் 17 கிலோ. வேகம் இரண்டு மடங்கானால் பாரம் நான்கு மடங்காகும். இருமடி விதி இரக்கம் பார்ப்பதில்லை. மில்லே மில்யாவில் மோஸின் சராசரி வேகத்தில், வண்டியின் குட்டிக் கண்ணாடிக்கு மேலே தலையை நீட்டியிருந்தால் முகத்தில் சுமார் மூன்றரைக் கிலோ. ஜென்கின்சனின் மூக்குக்கண்ணாடி போனதில் வியப்பில்லை.

இது காற்று மட்டும். சாலையில் முன்னால் போகும் லாரியின் சக்கரத்திலிருந்து தெறிக்கும் 5 கிராம் ஜல்லித்துண்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் முகத்தில் அது மோதினால், ஒரு கிலோ எடைக்கல்லை முக்கால் மீட்டருக்குச் சற்று அதிக உயரத்திலிருந்து போட்டால் வரும் ஆற்றலுக்கு அது சமம். அந்த ஆற்றல் முழுவதும் ஜல்லியின் கூர்முனையில் குவிந்திருக்கும்.

சாதாரணக் காரின் முன்கண்ணாடி இந்த எல்லாவற்றையும் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் வாங்கிக்கொள்கிறது.

பின்னாலிருந்து வரும் காற்று

கூரை மட்டும் இல்லாமல் முன்கண்ணாடி உள்ள கன்வர்ட்டிபிள் கார்களில் வேறொரு விசித்திரம் உண்டு. அவற்றில் போகும்போது தலைமயிர் பின்னால் பறப்பதற்குப் பதிலாகப் பல நேரம் முன்னால் வந்து முகத்தை மறைக்கும். சினிமாவில் கதாநாயகியின் கூந்தல் அழகாகப் பின்னோக்கி அலைவதெல்லாம் படப்பிடிப்புக் காற்றாடியின் கைங்கரியம்.

காரணம் எளிது. முன்கண்ணாடியில் ஏறிவரும் காற்று அதன் மேல்விளிம்பைத் தாண்டியதும் ஒட்டிக்கொள்ளக் கூரை இல்லை. அது பிய்த்துக்கொண்டு தலைகளுக்கு மேலே நேராகப் பாய்கிறது. அதன் அடியில், இருக்கைகள் உள்ள குழியில், காற்றழுத்தம் குறைகிறது. அந்தக் குறையை நிரப்ப, மேலே பாயும் காற்றின் ஒரு பகுதி காரின் பின்பக்கம் போய்க் கீழே சுருண்டு இருக்கைகளுக்கு இடையே முன்னோக்கி வருகிறது. ஆற்றில் பாறைக்குப் பின்னால் சருகுகள் நீரோட்டத்துக்கு எதிராகச் சுழலுமே, அதே சுழல்தான். கழுத்தின் பின்பக்கம் குளிர்வதும், மடியில் வைத்த காகிதம் மேலே எழுவதும் இதனால்.

இதற்கு மெர்சிடிஸ் 1989இல் வந்த எஸ்எல் காரில் ஒரு எளிய மருந்து கண்டது. இருக்கைகளுக்குப் பின்னால் சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய வலைத் துணி. காற்றை அது முழுவதும் மறிப்பதில்லை. சுருண்டு வரும் ஓட்டத்தின் வேகத்தை மட்டும் உறிஞ்சிவிடுகிறது. இன்று ஏறத்தாழ எல்லாத் திறந்த கார்களிலும் ஏதோ ஒரு வடிவத்தில் அந்த வலை இருக்கிறது.

ஆனால் முன்கண்ணாடியையே எடுத்துவிட்டால்? வலை கட்டிப் பயனில்லை. காற்று நேரே நெஞ்சில் வந்து மோதும்.

75 பேருக்கு மட்டும்

2009 ஜனவரியில் டெட்ராய்ட் கார் கண்காட்சியில் மெர்சிடிஸ் ஒரு காரைக் கொண்டுவந்து நிறுத்தியது. பெயர் எஸ்எல்ஆர் ஸ்டிர்லிங் மோஸ். கூரை இல்லை, முன்கண்ணாடி இல்லை, பக்கக் கண்ணாடிகளும் இல்லை. மொத்தம் 75 கார்கள். ஒன்றின் விலை வரி நீங்கலாக 7,50,000 யூரோ. ஏற்கெனவே எஸ்எல்ஆர் கார் வைத்திருந்தவர்களுக்கே விற்பனை. 5.4 லிட்டர் வி8 என்ஜின், சூப்பர்சார்ஜர் துணையோடு 650 குதிரைத்திறன். மணிக்கு 100 கிலோமீட்டரைத் தொட மூன்றரை நொடிக்கும் குறைவு. உச்ச வேகம் 350 கிலோமீட்டர்.

ஓட்டுநருக்கு முன்னால் இருந்தது சில சென்டிமீட்டர் உயரமுள்ள இரண்டு தடுப்புகள் மட்டுமே. மேலே போட்ட கணக்குப்படி, உச்ச வேகத்தில் அந்தத் தடுப்புக்கு மேலே நீளும் முகத்தில் 17 கிலோ. ஹெல்மெட் இல்லாமல் நினைத்துப் பார்க்கக்கூடாத காரியம்.

அந்தக் காரின் வடிவத்தை நிதானமாகப் பார்த்தால் ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு வேலை இருப்பது தெரியும். அம்புமுனை போல நீண்ட பானட், காற்றை மெல்ல மெல்ல மேலேற்றி இருக்கைக் குழிக்கு மேலாக அனுப்புகிறது. இருக்கைகளுக்குப் பின்னால் இரண்டு திமில்கள். உள்ளே ஒளிந்திருப்பவை வண்டி கவிழ்ந்தால் தலையைக் காக்கும் வளைகம்பிகள். வெளியே அவை தலைக்குப் பின்னால் பிய்ந்துபோகும் காற்றை மீண்டும் ஒட்டவைக்கும் வழுக்குப்பாதைகள். அடிப்பகுதி முழுவதும் வழவழப்பான தட்டை. அதன் கீழ் விரைந்து ஓடும் காற்றின் அழுத்தம் குறைவதால் கார் சாலையோடு உறிஞ்சப்பட்டு நிற்கிறது. பின்மூடியில், பிரேக் பிடிக்கும்போது எழுந்து நிற்கும் காற்றுத் தடுப்புப் பலகை. 1955 ல மான் பந்தயத்தில் 300 எஸ்எல்ஆர் காரின் முதுகில் எழும்பிய பெரிய பலகையின் பேரப்பிள்ளை அது.

நிறுத்தி வைக்கும்போது மழை தூசி விழாதிருக்க இரண்டு மூடிகள் உண்டு. தனியாகப் போகிறவர் பக்கத்து இருக்கையை ஒரு மூடியால் மூடிவிட்டுப் போகலாம். கார் நொடியில் ஒற்றை இருக்கைப் பந்தய வண்டியாகிவிடும்.

கூரையும் கண்ணாடிகளும் போனதாலும் கார்பன் ஃபைபர் தாராளமாகப் பயன்பட்டதாலும் வழக்கமான எஸ்எல்ஆரைவிட எடை சுமார் 200 கிலோ குறைந்தது. இது எளிதில் கைகூடும் காரியமன்று. கூரையை வெட்டினால் சாதாரணமாகக் காரின் எடை கூடவே செய்யும்!

முழு மூங்கிலும் பிளந்த மூங்கிலும்

கூரையை அறுத்தெடுத்தால் எடை எப்படிக் கூடும்? வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்து, மூடியைச் சுற்றிலும் ஒட்டுநாடா போட்டு இறுக்கமாக ஒட்டிவிட்டு, இரு முனைகளையும் பிடித்து ஈரத்துணி பிழிவது போல முறுக்கிப் பாருங்கள். விறைப்பாக நிற்கும். மூடியைப் பிய்த்துவிட்டு மறுபடி முறுக்குங்கள். பெட்டி கோணிக்கொண்டு போகும்.

மூங்கில் வேலை செய்கிறவர்களுக்கு இது கைப்பழக்கத்தில் தெரியும். முழு மூங்கிலைக் கையால் முறுக்க முடியாது. நெடுக ஒரு பிளவு விழுந்த மூங்கில், அதே கனம், அதே நீளம், சுலபமாக முறுகும். மூடிய குழாயில் முறுக்குவிசை சுற்றுச்சுவர் முழுவதும் தொடர்ந்து வட்டமடித்துப் பகிர்ந்துகொள்ளப்படுகிறது. பிளவு விழுந்ததும் அந்த வட்டம் அறுந்துவிடுகிறது.

காரும் அப்படி ஒரு மூடிய குழாய்தான். தரை, பக்கங்கள், தூண்கள், கூரை எல்லாம் சேர்ந்து ஒரு பெட்டி. ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போது அந்தப் பெட்டியை யாரோ ஒரு மூலையில் பிடித்து முறுக்குகிறார்கள். கூரை இருந்தால் தாங்கும். இல்லாவிட்டால் முன்கண்ணாடிச் சட்டமும் டேஷ்போர்டும் ஸ்டீயரிங்கும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல் நடுங்கும். பழைய கன்வர்ட்டிபிள்களை ஓட்டியவர்கள் கண்ணாடியில் தெரியும் பின்காட்சி கிடுகிடுவென ஆடுவதைப் பார்த்திருப்பார்கள். அந்த ஆட்டத்தோடு சக்கரங்களின் கோணமும் நூலளவு மாறுவதால், வளைவில் கார் ஓட்டுநரின் கைக்குச் சொல்லும் சேதி கலங்கிவிடும். ஸ்போர்ட்ஸ் காருக்கு இது சொகுசுக் குறைவைவிடப் பெரிய குறை.

ஆகவே பொறியாளர்கள் கதவுக்குக் கீழே ஓடும் பக்க உத்தரங்களைத் தடிமனாக்குகிறார்கள். தரைக்கு அடியில் பெருக்கல் குறி போலக் குறுக்குக் கம்பிகள் போடுகிறார்கள். முன்கண்ணாடித் தூண்களுக்குள் வலுவான எஃகுக் குழாய் செருகுகிறார்கள். மடங்கும் கூரைக்கு மோட்டாரும் கீல்களும் வேறு. எல்லாம் எடை. 2019இல் வந்த தலைமுறை போர்ஷே 911 கரேராவில் கூரையுள்ள கார் 1,505 கிலோ. திறந்த கேப்ரியோலே 1,575 கிலோ. இல்லாத கூரைக்கு 70 கிலோ வாடகை.

இந்தச் சிக்கலிலிருந்து தப்ப ஒரு வழி, வலிமையைக் கூரையிடம் கடன் கேட்காத அடித்தளத்தைக் கட்டுவது. 1981இல் மெக்லாரன் நிறுவனம் எம்பி4/1 என்ற ஃபார்முலா ஒன் காரில் முதன்முதலாக முழுக் கார்பன் ஃபைபர் கூட்டைப் பயன்படுத்தியது. ஓட்டுநர் உட்காரும் இடமே ஒரு குளியல் தொட்டி. அதன் ஆழமான பக்கச் சுவர்களிலும் தரையிலும்தான் மொத்த விறைப்பும். 2011இல் சாலைக்கு வந்த மெக்லாரன் 12சி காரின் கார்பன் தொட்டி வெறும் 75 கிலோ. அதன் கூரை வெயிலையும் மழையையும் தடுக்கும் மூடி மட்டுமே. எடுத்துவிட்டாலும் தொட்டி தொட்டிதான்.

அவள் போகிறாள்

அந்தத் தொட்டியின் தைரியத்தில்தான் 2019 நவம்பரில் மெக்லாரன் எல்வா என்ற காரை அறிவித்தது. பெயருக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. எல்வா என்பது 1955இல் ஃபிராங்க் நிக்கல்ஸ் இங்கிலாந்தில் தொடங்கிய சிறிய ஸ்போர்ட்ஸ் கார் நிறுவனம். 'எல் வா' என்றால் பிரெஞ்சு மொழியில் 'அவள் போகிறாள்'. 1960களில் புரூஸ் மெக்லாரன் வடிவமைத்த எம்1ஏ என்ற திறந்த பந்தயக் கார் வெற்றி பெற்றதும் பலரும் அதை விலைக்குக் கேட்டார்கள். அவருடைய சிறிய பட்டறையால் அத்தனை கார் செய்ய இயலாது. வாடிக்கையாளர்களுக்கான கார்களை எல்வா செய்து கொடுத்தது. அந்த நன்றி புதிய காரின் பெயரானது.

முதலில் 399 கார்கள் என்றார்கள். பிறகு 249. கடைசியில் 149. நான்கு லிட்டர் இரட்டை டர்போ வி8 என்ஜின். 815 மெட்ரிக் குதிரைத்திறன். 100 கிலோமீட்டரை எட்ட மூன்று நொடிக்கும் குறைவு. முன்பக்க உடல் முழுவதும் ஒரே கார்பன் ஃபைபர் வார்ப்பு. அதன் தடிமன் 1.2 மில்லிமீட்டர். இதிலும் கூரை, முன்கண்ணாடி, பக்கக் கண்ணாடி எதுவும் கிடையாது. ஆனால் ஹெல்மெட் போடாமலே ஓட்டலாம் என்றது நிறுவனம். எப்படி?

பெரிய துணிக்கடைக்குள் நுழையும்போது வாசல் நிலைக்கு மேலிருந்து சடாரென்று ஒரு காற்று தலையில் விழும். உள்ளே இருக்கும் குளிர் வெளியே போகாமலும் வெளி வெப்பமும் தூசியும் உள்ளே வராமலும் தடுக்கும் காற்றுத்திரை அது. கதவு திறந்தே கிடந்தாலும் கண்ணுக்குத் தெரியாத கதவு ஒன்று மூடியிருக்கிறது. எல்வாவின் முன்கண்ணாடியும் அந்தச் சாதி. துணிக்கடையில் காற்று மேலிருந்து கீழே விழும். எல்வாவில் கீழிருந்து மேலே பாயும். துணிக்கடையில் மோட்டார் விசிறி வேண்டும், எல்வாவுக்கு வேண்டாம். வண்டியின் வேகமே விசிறி.

காரின் மூக்கு நுனியில், நடுவில், அகன்ற வாய் ஒன்று இருக்கிறது. ஓடும் காரில் காற்று மிக வலுவாக மோதி அழுத்தம் உச்சத்தில் நிற்கும் இடம் அது. அங்கே நுழையும் காற்று பானட்டுக்குள் அமைந்த பாதை வழியே ஓடி, ஓட்டுநருக்கு முன்னால் உள்ள பிளவு வழியே வெளியேறுகிறது. வெளியேறும் முன் 130 பாகை திரும்புகிறது. அதாவது பின்னோக்கி ஓடிவந்த காற்று, மேல்நோக்கியும் சற்றே முன்னோக்கியும் பீச்சப்படுகிறது. குழாயில் தண்ணீர் விடும்போது வாயைக் கட்டைவிரலால் பாதி மூடினால் பாய்ச்சல் கூடுவது போல, குறுகிய பிளவில் காற்றின் வேகம் கூடுகிறது.

வெளியேறும் பிளவுக்கு முன்விளிம்பில் ஒரு சிறு கார்பன் பலகை 15 சென்டிமீட்டர் மேலே எழும். எதிரே வரும் காற்றை அந்தப் பலகை முதலில் சற்று மேலே தூக்கிவிடுகிறது. பலகைக்குப் பின்னால் அழுத்தம் குறைகிறது. கீழே மூக்கில் அழுத்தம் அதிகம், மேலே பிளவில் அழுத்தம் குறைவு. இந்த வேறுபாடுதான் பாதைக்குள்ளிருக்கும் காற்றை இழுத்து வெளியே வீசுகிறது. வீசப்பட்ட காற்றுச் சுவரில் எதிர்க்காற்று மோதி, ஏறி, இருவர் தலைக்கும் மேலாகக் கடந்துபோகிறது. சுவருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்களைச் சுற்றிக் காற்று ஒப்பீட்டளவில் அமைதியாக இருக்கும். வெளியேறும் வாயில் கார்பன் வலைத் தடுப்புகளை அமைத்து, காற்று நடுவில் மட்டும் பீறிடாமல் அகலவாக்கிலும் பரவும்படி செய்திருக்கிறார்கள்.

ஊருக்குள் மெதுவாகப் போகும்போது இது தேவையில்லை, வேலையும் செய்யாது. அப்போது பலகை இறங்கிவிடும், நடுவாய் மூடிக்கொள்ளும். அங்கே நுழையவிருந்த காற்று ரேடியேட்டர்களின் பக்கம் திருப்பிவிடப்படுகிறது. வேகமாகப் போகும்போதும் முகத்தில் காற்று வேண்டும் என்கிற ஆசைக்காரர் பொத்தானை அழுத்தி நிறுத்திக்கொள்ளலாம்.

ஒரு இடத்தில் கைவைத்தால் இன்னொரு இடம் கேள்வி கேட்கும் என்பது காற்றியக்கவியலின் குணம். முன்னால் காற்றுச் சுவர் எழுந்தால் பின்னால் போகும் காற்றின் ஓட்டமும் மாறுகிறது. அதனால் பின்சக்கரங்களை அழுத்தும் விசையும் மாறும். ஆகவே முன்பலகை எழும்போது பின்பக்க இறக்கையின் உயரமும் கோணமும் தாமாகவே மாறிக்கொள்ளும்படி வைத்திருக்கிறார்கள். கூரைத் தூண்கள் இல்லாத குறைக்கு, கார் கவிழப்போகிறது என்று உணரிகள் அறிந்த கணமே தலைக்குப் பின்னாலிருந்து பாதுகாப்புச் சட்டங்கள் துள்ளி எழுகின்றன.

ஒரே கேள்வி, பல விடை

மெக்லாரனுக்கு ஓராண்டு முன்பே, 2018 செப்டம்பரில், ஃபெராரி தன் விடையை எழுதிவிட்டது. மான்சா எஸ்பி1, எஸ்பி2 என்ற இரட்டையர். எஸ்பி1இல் ஒருவருக்கே இடம், எஸ்பி2இல் இருவர். இரண்டும் சேர்த்து 499 கார்கள். 6.5 லிட்டர் வி12 என்ஜின், 810 குதிரைத்திறன். இவற்றின் மூதாதை 1948 டூரின் கண்காட்சியில் நின்ற 166 எம்எம். கூரையற்ற அந்தக் காரைப் பார்த்துத்தான் இத்தாலியப் பத்திரிகையாளர் ஜியோவானி கானெஸ்ட்ரினி 'பார்க்கெட்டா' என்றார். சிறிய படகு என்று பொருள். பிறகு அதுவே ஒரு கார் வகையின் பெயராக நிலைத்துவிட்டது.

ஃபெராரியின் உபாயத்தில் எழும் பலகையோ மூடும் வாயோ இல்லை. ஸ்டீயரிங்குக்கு முன்னால் உள்ள மேட்டின் அடியில் ஒரு காற்றுப் பாதையை மட்டும் அமைத்து, எதிர்க்காற்றின் ஒரு பகுதியை அதன் வழியே மேலே திருப்பிவிடுகிறார்கள். அசையும் உறுப்பு எதுவும் இல்லாததால் பழுதாக ஒன்றுமில்லை. இதற்கு ஃபெராரி 'மெய்நிகர் முன்கண்ணாடி' என்ற பொருளில் பெயரிட்டுக் காப்புரிமையும் பெற்றது. அதோடு நில்லாமல் லோரோ பியானா, பெர்லூட்டி ஆகிய ஆடை நிறுவனங்களோடு சேர்ந்து ஹெல்மெட், கையுறை, கழுத்துத் துணி என்று ஓட்டுநருக்கான உடைகளையும் கொண்டுவந்தது. மெய்நிகர் கண்ணாடி எவ்வளவு தூரம் காக்கும் என்று அதைச் செய்தவர்களுக்கே தெரியாதா என்ன!

2020இல் ஆஸ்டன் மார்ட்டின் 88 கார்கள் மட்டும் என்று வி12 ஸ்பீட்ஸ்டரை அறிவித்தது. இரண்டே ஆண்டுகளில் மூன்று நிறுவனங்கள் முன்கண்ணாடியைக் கழற்றி எறிந்துவிட்டன.

போர்ஷே மட்டும் கண்ணாடியைக் கைவிடவில்லை; குட்டையாக்கியது. அதற்கும் மரபு உண்டு. 1950களில் நியூயார்க்கில் ஐரோப்பியக் கார்களை இறக்குமதி செய்த மேக்ஸ் ஹாஃப்மன், அமெரிக்க இளைஞர்கள் வாங்கும் விலையில் அலங்காரமில்லாத திறந்த கார் ஒன்று வேண்டும் என்று கேட்டார். 1954இல் 356 ஸ்பீட்ஸ்டர் பிறந்தது. தாழ்ந்த முன்கண்ணாடி, மெல்லிய துணிக் கூரை, மூவாயிரம் டாலருக்குச் சற்றே குறைந்த விலை. 2019இல் வந்த 911 ஸ்பீட்ஸ்டர் அதன் வாரிசு. மொத்தம் 1,948 கார்கள். முதல் போர்ஷேயான '356 எண் 1' ரோட்ஸ்டருக்கு 1948 ஜூன் 8இல் சாலை அனுமதி கிடைத்தது. அந்த ஆண்டே எண்ணிக்கை.

இந்தக் காரில் நெருங்கிப் பார்க்க வேண்டியது இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள பெரிய மூடி. ஒரே கார்பன் ஃபைபர் துண்டு. அதில் இரண்டு மேடுகள், நடுவில் ஒரு பள்ளத்தாக்கு. இரு தலைகளுக்கும் பின்னால் காற்றை வழுக்கிப் போகவைக்கும் அந்த மேடுகளுக்கு அடியில்தான் மடித்த துணிக் கூரை கிடக்கிறது. கூரையை ஏற்றி இறக்குவது கையால். மோட்டார் போட்டால் எடை. டர்போ இல்லாத நான்கு லிட்டர் என்ஜின் நிமிடத்துக்கு 9,000 சுற்று வரை சுழன்று 510 மெட்ரிக் குதிரைத்திறன் தருகிறது. கியர் மாற்றுவதும் கையால்தான், ஆறு கியர். எடை 1,465 கிலோ. மேலே பார்த்த 'வாடகை'யைக் கார்பன் பாகங்களாலும் கைவேலையாலும் திருப்பிக் கட்டிய கணக்கு.

ஏன் இத்தனை குறைவு?

எண்ணிக்கையைக் குறைத்தால் விலை ஏறும் என்பது வியாபாரப் பக்கம். பொறியியல் பக்கமும் ஒன்று உண்டு. எஃகுத் தகட்டை அழுத்தி உடல்பாகம் செய்ய வேண்டிய அச்சுகளுக்கு மிகுந்த விலை. ஆயிரக்கணக்கில் கார் செய்தால்தான் கட்டுப்படியாகும். கார்பன் ஃபைபருக்கு அச்சு மலிவு, ஆனால் துணி போன்ற இழைத் தாள்களைக் கையால் அடுக்கி, பிசினோடு வெப்ப அழுத்த அடுப்பில் வேகவைத்து எடுக்க நேரம் பிடிக்கும். நூறு கார், இருநூறு கார் என்பது இந்த முறைக்குப் பொருத்தமான அளவு. கூரையில்லாத காரை நாள்தோறும் அலுவலகத்துக்கு ஓட்டிப்போக யாரும் வாங்கப்போவதில்லை. ஆகவே லட்சக்கணக்கில் விற்கும் காரில் செய்யத் துணியாத சோதனையை இங்கே செய்து பார்க்கலாம்.

சோதனையின் எல்லையும் தெளிவாகவே தெரிகிறது. காற்றுச் சுவர் காற்றைத் திருப்பும். கொசுவைப் போன்ற எடை குறைந்த பூச்சிகள் காற்றோடு சேர்ந்து மேலே போய்விடும். ஜல்லித்துண்டு போகாது. அதன் நிறை அதிகம். காற்று வளைந்தாலும் அது வளையாமல் தன் நேர்க்கோட்டிலேயே சுவரைத் துளைத்துக்கொண்டு வரும். மழைத்துளியும் பெரிதாக இருந்தால் ஏறத்தாழ அப்படித்தான். வண்டி சிக்னலில் நின்றுவிட்டால் காற்றும் நின்றுவிடும், சுவரும் இடிந்துவிடும். அமெரிக்காவின் சில மாநிலங்களில் முன்கண்ணாடி இல்லாத காரைச் சாலையில் ஓட்டச் சட்டம் அனுமதிப்பதில்லை.

பின்னர் மெக்லாரன் எல்வாவின் இன்னொரு வடிவத்தை வெளியிட்டது. அதில் மழையை உணர்ந்து தானே இயங்கும் வைப்பர் உண்டு. கண்ணாடி கழுவும் நீர்க்குழல் உண்டு. வெயில் மறைப்புகள் உண்டு. மூக்கின் நடுவாயும், எழும் பலகையும், 130 பாகை திரும்பும் காற்றுப் பாதையும் இல்லை. அவை இருந்த இடத்தில் சட்டமிட்ட முன்கண்ணாடி. அதனால் கூடிய எடை 20 கிலோ.